புதுப்பிக்க மறுக்கும் கணினியும் கைக்கு வராத சாவியும்



முன்பெல்லாம் நம் தோட்டத்து வீடுகளில் வானொலிப் பெட்டிக்கென்று ஓர் அலமாரித் தட்டு ஒதுக்கியிருப்பார்கள். பலர் வீட்டில் அந்தத் தட்டில் இப்போது ஒரு மடிக்கணினி உட்கார்ந்திருக்கிறது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் வீட்டுவழிப் பாடத்துக்காகச் சீட்டுப் பணத்தை எடுத்தும் நகையை அடகு வைத்தும் வாங்கியவை அவற்றில் பல. புதியது வாங்க வசதியில்லாதவர்கள் பட்டணத்துக் கடையில் கைமாறிய கணினியை 400, 500 வெள்ளிக்கு வாங்கி வந்தார்கள்.

அந்தக் கணினிகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. ஒன்று, 'புதுப்பிக்க முடியவில்லை, மாற்றங்களைத் திரும்ப எடுக்கிறேன்' என்று திரையில் எழுதிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றவிட்டுக்கொண்டிருக்கிறது. இல்லையென்றால், 'நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடு' என்று கேட்டு அடம் பிடிக்கிறது. இரண்டும் வெவ்வேறு நோய் என்றுதான் பெற்றோர் நினைக்கிறார்கள். முதல் நோய்க்கு மருந்து கொடுக்கப் போனால் இரண்டாவது நோய் வந்து வழியில் நிற்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். நம் வீடுகளில் அதிகம் காணப்படும் விண்டோஸ் கணினியைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

'புதுப்பிக்காவிட்டால் என்ன? நன்றாகத்தானே ஓடுகிறது' என்று கேட்பவர்கள் உண்டு. 2017ஆம் ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன். விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டது. போடாமல் விட்டவர்கள் போடாமலே இருந்தார்கள். மே 12ஆம் தேதி 'வான்னாகிரை' என்னும் நச்சுநிரல் அதே ஓட்டை வழியாகப் புகுந்தது. ஏறக்குறைய 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. மருந்து வந்து இரண்டு மாதம் ஆகியும் குடிக்காதவர்களுக்கு வந்த வினை அது.

இனி, அந்த 'நிர்வாகி' யார் என்று பார்ப்போம். ஆங்கிலத்தில் அட்மினிஸ்திரேட்டர் என்பார்கள். தோட்டத்து உரக் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். உரம் போடுபவர் பத்துப் பேர் இருக்கலாம். கொட்டகைச் சாவி கிராணியிடம்தான் இருக்கும். மூட்டையை வெளியே எடுக்க வேண்டுமானால் அவர் வந்து திறக்க வேண்டும். கணினியிலும் அப்படியே. ஒரே கணினியில் பலர் பெயரில் கணக்கு வைக்கலாம். அவற்றில் 'நிர்வாகி' என்று குறித்த கணக்குக்கு மட்டுமே புதிய மென்பொருளைப் போடவும், பழையதை எடுக்கவும், கணினியின் உள்ளுறுப்புகளில் கை வைக்கவும் அனுமதி உண்டு. மற்றது சாதாரணக் கணக்கு. எழுதலாம், படிக்கலாம், வீட்டுப்பாடம் செய்யலாம். கொட்டகையைத் திறக்க முடியாது. திரை மங்கி, நடுவில் கேடய அடையாளத்தோடு ஒரு பெட்டி எழும்பிக் கேள்வி கேட்கிறதே, அது 2007இல் வந்த விஸ்டா காலந்தொட்டு இருக்கும் ஏற்பாடு.

உங்கள் கணக்கு எந்த வகை என்று அறிவது சுலபம். 'செட்டிங்ஸ்' பக்கத்தைத் திறந்து (மலாய் மொழியில் வைத்திருந்தால் 'தெத்தாப்பான்' என்றிருக்கும்), 'அக்கவுண்ட்ஸ்' பகுதியில் உங்கள் விவரத்தைப் பாருங்கள். பெயருக்குக் கீழே 'அட்மினிஸ்திரேட்டர்' என்று இருந்தால் சாவி உங்களிடம் இருக்கிறது.

மாதாந்தரப் புதுப்பிப்புக்கு நீங்கள் நிர்வாகியாக இருக்க வேண்டும் என்பதில்லை. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்காவில் அது வெளியாகும். நமக்கு அப்போது புதன் விடியற்காலை. சாதாரணக் கணக்கில் இருந்தாலும் கணினி அதைத் தானே இறக்கிப் போட்டுக்கொள்ளும். அது தடைப்பட்டு, நாம் கை வைத்துச் சரிசெய்ய வேண்டிய நேரம் வரும்போதுதான் சாவி தேவைப்படுகிறது.

சரி, தடைப்படுவது ஏன்?

நம் வீடுகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் இடப் பற்றாக்குறைதான் காரணம். மலிவு விலையில் வந்த சிறிய மடிக்கணினிகளில் பலவற்றின் சேமிப்பிடம் வெறும் 32 ஜிகாபைட். அதில் விண்டோஸே பாதிக்கு மேல் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் தம்பியின் பிறந்தநாள் படங்கள், அக்காள் கல்யாணக் காணொளி, இரண்டு விளையாட்டு என்று சேர்ந்தால் மூச்சு விட இடமிராது. ஒரு பெரிய புதுப்பிப்பு வந்து இறங்கி, பிரித்து, பழையதையும் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். பானையில் இடமில்லாமல் பொங்கலை எப்படிக் கிண்டுவது?

கணினி தோற்றுப்போனால் ஒரு குறியீட்டு எண்ணைக் காட்டும். 'அப்டேட் ஹிஸ்டரி' என்னும் பட்டியலிலும் அது இருக்கும். பயந்து மூடிவிடாமல் அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசி எட்டு இலக்கம் 80070070 என்றிருந்தால் இடமில்லை என்று பொருள். 80070005 என்றிருந்தால் ஏதோ ஒன்றைத் தொட அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறது. இந்த எண்ணைப் பார்க்காமலே 'ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, 200 வெள்ளி ஆகும்' என்று சொல்லும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். எண்ணை எழுதிய தாளோடு போனால் பேச்சின் தோரணையே மாறும்.

இடம் பண்ணுவது எப்படி? முதலில் படங்களையும் காணொளிகளையும் ஒரு பென்டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். பிறகு 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ஸ்டோரேஜ்' என்று போய், 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்பதைத் திறந்து பாருங்கள். குப்பைக் கூடை, அரைகுறையாக இறங்கிய கோப்புகள், பழைய விண்டோஸ் பதிப்பு எல்லாம் அங்கே பட்டியலாக இருக்கும். பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்ற வரியும் இருந்தால் அதை மட்டும் தொடாதீர்கள். பிள்ளை இறக்கி வைத்த பாடக் குறிப்புகள் அதில் கிடக்கும். பெரிய பதிப்பு மாற்றத்தின்போது, இடம் போதாவிட்டால் குறைந்தது 10 ஜிகாபைட் காலியாக உள்ள பென்டிரைவைச் செருகும்படி கணினியே கேட்பதுண்டு. செருகிக் கொடுக்கலாம்.

அடுத்த காரணம் நம் இணையம். தோட்டப்புறத்தில் கம்பி வழி இணைப்பு எல்லா வீட்டுக்கும் வரவில்லை. அப்பாவின் கைப்பேசியிலிருந்து ஹாட்ஸ்பாட் எடுத்துத்தான் பாடம் நடக்கிறது. டேட்டா தீர்ந்துவிடுமே என்று யாரோ நல்ல எண்ணத்தில் அந்த இணைப்பை 'மீட்டர்டு' என்று குறித்து வைத்திருப்பார்கள். அப்படிக் குறித்தால் விண்டோஸ் பெரும்பாலான புதுப்பிப்புகளை இறக்காது. ஒன்றிரண்டு ஆண்டு இப்படியே கிடந்த கணினிகள் உண்டு. பிறகு ஒரே நாளில் எல்லாவற்றையும் இறக்கப் பார்த்தால் பல ஜிகாபைட் ஆகும். நடுவே சிக்னல் அறுந்தால் தோல்வி. இதற்கு, மாதம் ஒருமுறை கணினியையும் அதன் சார்ஜரையும் தூக்கிக்கொண்டு பட்டணத்தில் உள்ள உறவினர் வீட்டுக்கோ, அருகில் நாடி இணைய மையம் இருந்தால் அங்கோ போய் இரண்டு மூன்று மணி நேரம் வைத்திருப்பது நல்லது.

மூன்றாவது காரணம் சிரிப்பை வரவழைக்கும். கணினியின் தேதி தவறாக இருக்கும்! உள்ளே நாணயம் போன்ற ஒரு சிறு பேட்டரி, பல கணினிகளில் சி.ஆர். 2032 என்ற வகை, மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறது. அது தீர்ந்துபோனால் கணினி பல ஆண்டு பின்னால் போய்விடும். தேதி தவறினால், மைக்ரோசாப்ட் கணினியின் அடையாளச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவே இல்லை என்று நம் கணினி எண்ணிக்கொண்டு பேச மறுக்கும். தேதியைத் திருத்தினால் பேசும். ஆனால் தேதியைத் திருத்துவதற்கும் நிர்வாகியின் அனுமதி வேண்டும். பார்த்தீர்களா, சாவி இங்கேயும் வந்துவிட்டது!

இவை எதுவுமில்லை என்றால் விண்டோஸிலேயே உள்ள 'டிரபிள்ஷூட்' என்னும் வைத்தியரை ஓட்டிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால், நிர்வாகி அனுமதியுடன் 'கமாண்ட் பிராம்ப்ட்' என்னும் கறுப்புத் திரையைத் திறந்து கணினியின் உறுப்புக் கோப்புகளைச் சோதிக்கலாம். எஸ், எஃப், சி என்று தட்டி, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, 'ஸ்கேன்நவ்' என்று சேர்த்து எழுதி அழுத்த வேண்டும். கெட்டுப்போன கோப்பை அது தானே மாற்றிவிடும். தனியாக வாங்கிப் போட்ட நச்சுத் தடுப்பு மென்பொருள் இருந்தால் அதைத் தற்காலிகமாக எடுத்துவிட்டும் முயலலாம். செருகியிருக்கும் அச்சுப்பொறி, பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். பழைய கணினி 30 சதவீதத்தில் ஒரு மணி நேரம் நின்றாலும் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். மாற்றங்களைத் திரும்ப எடுக்கும்போதும் அவசரப்படக் கூடாது. பழைய நிலைக்குப் பத்திரமாகப் போகிறது என்றுதான் பொருள். மழையும் இடியுமாக உள்ள மாலையில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது புத்திசாலித்தனம்.

புதுப்பித்த பிறகு கணினி திறக்கவே இல்லையா? இரண்டு மூன்று முறை தொடங்கித் தோற்றால் அது தானாகவே பழுதுபார்க்கும் நீலத் திரைக்கு வந்து நிற்கும். அங்கே 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' என்று போனால் கடைசியாகப் போட்ட புதுப்பிப்பைக் கழற்றலாம். சில கணினிகள் இங்கே 48 இலக்கம் கொண்ட ஒரு மீட்பு எண்ணைக் கேட்கும். 'பிட்லாக்கர்' என்னும் பூட்டுக்கு உரிய எண் அது. கணினியை முதன்முதலில் எந்த மைக்ரோசாப்ட் கணக்கில் தொடங்கினார்களோ, பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் பதிந்திருக்கும்.

இந்தச் சாவிகளின் அருமையை உலகம் 2024 ஜூலை 19ஆம் தேதி கண்டது. கிரௌட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்தன. விமானங்கள் ரத்தாயின. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் சில நிறுவனங்களின் பயணிகளை ஊழியர்கள் கையாலேயே பதிவு செய்தார்கள். ஒரேயொரு கோப்பை அழித்தால் போதும், கணினி எழுந்துவிடும். ஆனால் ஒவ்வொரு கணினிக்கும் ஆள் போய், பாதுகாப்பு முறையில் திறந்து, நிர்வாகியாக நுழைந்து, பூட்டியிருந்தால் அந்த 48 இலக்கத்தையும் தட்ட வேண்டியிருந்தது. எண்ணைத் தேடியே பல இடங்களில் நேரம் போயிற்று. பெரிய நிறுவனங்களின் பாடே அப்படியென்றால் நம் வீட்டுக் கணினியைச் சொல்ல வேண்டுமா?

இனி, சாவி இல்லாதவர்களுக்கு வருவோம். என்னிடம் வரும் பெற்றோர் பலர் சொல்வது இது: "சார், இந்தப் பெட்டி 'வேண்டாம்'னு மட்டுந்தான் காட்டுது. 'சரி'ங்கிறத அழுத்தவே முடியல." இது விசித்திரமானதல்ல. கணினியில் செயல்படும் நிர்வாகிக் கணக்கு ஒன்றுகூட இல்லாமல் போனால் இப்படித்தான் ஆகும். விண்டோஸோடு பிறந்த 'அட்மினிஸ்திரேட்டர்' கணக்கு ஒன்று உள்ளே உறங்கிக்கொண்டிருக்கும். விஸ்டா முதல் அதை மூடியே அனுப்புகிறார்கள். இருக்கும் ஒரே கணக்கையும் யாராவது சாதாரணக் கணக்காக மாற்றிவிட்டால், கடவுச்சொல் கேட்கக்கூட ஆள் இல்லை. கிராணி சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்ட கதைதான்.

முதலில், நுழைவுத் திரையின் இடது மூலையில் வேறு பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அது நிர்வாகியாக இருந்து, அதற்குரியவர் வந்து கடவுச்சொல்லைத் தட்டினால், உங்கள் கணக்கை உயர்த்திவிடலாம். கடவுச்சொல் மறந்திருந்தால் இரண்டு வழி. மின்னஞ்சலோடு சேர்ந்த மைக்ரோசாப்ட் கணக்கானால், வேறு கைப்பேசியிலிருந்தே புதிய கடவுச்சொல் பெறலாம். இணையத்தோடு சேராத கணக்கானால், தவறான சொல்லைத் தட்டியதும் கீழே வரும் 'ரீசெட்' என்பதைத் தொட்டு, தொடக்கத்தில் கொடுத்த மூன்று இரகசியக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பதிலை விளையாட்டாகக் கொடுத்திருந்தால் அதுவும் போச்சு.

குடும்பங்களில் அதிகம் நடப்பது வேறு. மூத்த பிள்ளை தன் மின்னஞ்சலில் கணினியைத் தொடங்கி வைத்திருப்பான். பிறகு வேலைக்கென்று ஜொகூருக்கோ சிங்கப்பூருக்கோ போய், கைப்பேசி எண்ணையும் மாற்றியிருப்பான். மீட்புக் குறியீடு பழைய எண்ணுக்குத்தான் போகும். கணக்கில் உள்ள தொடர்பு விவரங்கள் அனைத்தையும் புதிதாக மாற்ற வேண்டுமானால் மைக்ரோசாப்ட் 30 நாள் காத்திருக்கச் சொல்கிறது. எஸ்.பி.எம். தேர்வு நேரத்தில் 30 நாள் என்பது சிறிய விஷயமா? எண்ணை மாற்றும் அன்றே கணக்கிலும் மாற்றச் சொல்லுங்கள்.

எந்த வழியும் இல்லையென்றால் கணினியைத் துடைத்துப் புதிதாக்க வேண்டியதுதான். உங்கள் கோப்புகளை முதலில் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். நுழைவுத் திரையில் 'ஷிஃப்ட்' விசையைப் பிடித்தபடியே 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் அதே நீலத் திரை வரும். அங்கே 'ரீசெட் திஸ் பிசி', பிறகு 'ரிமூவ் எவ்ரிதிங்'. எல்லாம் அழிந்துவிடும் என்பதை இருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். மறுபடி தொடங்கும்போது நீங்கள் உண்டாக்கும் முதல் கணக்குத்தான் நிர்வாகி. அதை அப்பா அல்லது அம்மா பெயரில் தொடங்குங்கள். பிள்ளைக்குச் சாதாரணக் கணக்குப் போதும். 'எங்களுக்குக் கணினியே தெரியாதே' என்பீர்கள். தெரிய வேண்டியதில்லை. கடவுச்சொல்லை மைக்கார்டு நகல் வைத்திருக்கும் அதே உறையில் எழுதி வைத்தால் போதும். பிள்ளை ஏதோ ஓர் இலவச விளையாட்டைப் போட வேண்டும் என்று வந்து கேட்கும்போது, அது என்ன, எங்கிருந்து வந்தது என்று இரண்டு வார்த்தை பேச அது ஒரு சந்தர்ப்பம்.

அழித்துத் தொடங்கிய பிறகும் ஏதோ ஒரு நிறுவனத்தின் அல்லது பள்ளியின் பெயரைக் காட்டி அவர்களுடைய கணக்கைக் கேட்டால், அந்தக் கணினி இன்னும் அவர்கள் பதிவேட்டில் இருக்கிறது. எத்தனை முறை துடைத்தாலும் போகாது. அவர்கள்தான் பதிவை நீக்க வேண்டும். பள்ளி இரவலாகக் கொடுத்ததென்றால் பூட்டை உடைக்கப் பார்க்காமல் பள்ளியிலேயே கொடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். கடையில் வாங்கியதென்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கைமாறிய கணினி வாங்கும்போது கடைக்காரர் முன்னிலையிலேயே இணையத்தில் இணைத்து, முதலிலிருந்து தொடங்கி, உங்கள் பெயரில் நிர்வாகிக் கணக்கு உண்டான பிறகே காசை எண்ணிக் கொடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

இன்னொரு செய்தியும் உண்டு. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் தரும் திட்டம் ஒன்றையும் மைக்ரோசாப்ட் அறிவித்தது. கணினியின் அமைப்புகளை இணையத்தில் காப்பு வைக்கச் சம்மதித்தால் கட்டணமில்லை. ஆனால் அதில் சேர 22எச்2 என்னும் கடைசிப் பதிப்பு இருக்க வேண்டும்; சேர்பவர் நிர்வாகிக் கணக்கில் இருக்க வேண்டும். புதுப்பிப்பு தடைப்பட்டே கிடந்த கணினியும், சாவி தொலைந்த கணினியும் வாசலிலேயே நிறுத்தப்பட்டன.

விண்டோஸ் 11க்கு மாறுவதற்குக் குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகம், 64 ஜிகாபைட் சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இண்டல் கணினியானால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கப்படும். 32 ஜிகாபைட் கணினிக்கு அந்த வாசல் இல்லை. அதில் எழுத்து வேலையையும் பாடக் குறிப்புகளையும் மட்டும் வைத்துக்கொண்டு, வங்கிக் கணக்கு, பணப் பரிமாற்றம் எதையும் திறக்காமல் இருங்கள்.

கடைசியாக, தொலைபேசியில் ஒருவர் அழைத்து, 'மைக்ரோசாப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணினி புதுப்பிக்கவில்லை, நாங்கள் சொல்வதை அழுத்துங்கள்' என்றால் உடனே வைத்துவிடுங்கள். மைக்ரோசாப்ட் யாரையும் அப்படி அழைப்பதில்லை. அவர் கேட்பது உங்கள் வீட்டு நிர்வாகிச் சாவியைத்தான்.